எல்லோரும் ஓடுகிறார்கள், வேலை மட்டும் நகரவில்லை: ஆள் எடுப்பதா, மெஷின் வாங்குவதா?

கேள்வியின் சுருக்கம் இது. 12 பேர் வேலை செய்யும் சிறிய ஆஃப்செட் அச்சகம். ஆர்டருக்குக் குறைவில்லை. காலையிலிருந்து மாலை வரை எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் 5 நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு 10, 15 நாள் ஆகிறது. அவசரத்தில் வீணாகும் தாள் ஒருபக்கம், ஷீட்டின் பின்பக்கம் மை ஒட்டியிருக்கிறது என்பதுபோன்ற வாடிக்கையாளர் புகார் இன்னொரு பக்கம். கணக்கில் லாபம் தெரிகிறது, கையில் பணம் இல்லை. இரண்டு ஆள் கூடுதலாக எடுக்கலாமா, அல்லது இன்னொரு மெஷின் வாங்கலாமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். தையல், மரவேலை, வாகனப் பழுது, மென்பொருள், தணிக்கை அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் இந்த நோய் உண்டு. பெரும்பாலான இடங்களில் அதற்குக் காரணம் ஆள் குறைவு அல்ல, முடிக்க முடிவதைவிட அதிகமாக உள்ளே விட்டுவிட்டதுதான். உங்கள் இடத்திலும் அப்படித்தானா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, ஒரு வாரத்தில் எண்ணியே தெரிந்துகொள்ளலாம்.

முதல் எண்ணிக்கைக்கு அரை மணி நேரம் போதும். ஆர்டர் ஏற்றுக்கொண்டு இன்னும் டெலிவரி ஆகாத ஜாப் எல்லாவற்றையும் எண்ணுங்கள். டிசைன் மேசையில் கிடப்பது, புரூஃப் பார்க்கப் போனது, அச்சாகி மூலையில் அடுக்கியது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்தது, ஒன்றுகூட விடாமல். 60 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, போன மாதம் எத்தனை ஜாப் வெளியே போனது என்று டெலிவரி புத்தகத்தில் பாருங்கள். 26 வேலை நாளில் 130 என்றால் நாளுக்கு 5. அறுபதை ஐந்தால் வகுத்தால் 12. இன்று கதவுக்குள் வரும் ஜாப் சராசரியாக 12 வேலை நாள் கழித்துத்தான் வெளியே போகும். நீங்கள் 5 நாள் என்று வாக்குக் கொடுத்தீர்கள், கணக்கு 12 என்கிறது. ஆட்கள் சோம்பேறிகளாக இருந்ததால் தாமதம் வரவில்லை, வாக்கே தப்பு.

இந்த வகுத்தல் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961-ல் இதைக் கணித முறையில் நிறுவினார். உள்ளே இருப்பது = வெளியேறும் வேகம் × உள்ளே தங்கும் காலம். வருவதும் போவதும் நீண்ட நோக்கில் ஏறத்தாழ சமமாக இருந்தால் போதும். வேலை எந்த வகை, யார் செய்கிறார்கள், எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதெல்லாம் இந்தச் சராசரியை மாற்றாது. 5 நாளில் தர வேண்டுமானால், நாளுக்கு 5 முடிக்கும் இடத்தில் மொத்தம் 25 ஜாப்தான் இருக்கலாம். அல்லது வேகம் நாளுக்கு 12 ஆக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒரு ஜாப் கார்டை எடுத்து, அதில் உண்மையில் கைபட்ட நேரத்தைக் கூட்டுங்கள். டிசைன், பிளேட், அச்சு, லேமினேஷன், கட்டிங், பைண்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 6 மணி நேரம் வந்தால், 12 நாள் என்பது 96 மணி நேரம். மீதி 90 மணி நேரம் அந்தத் தாள் சும்மா அடுக்கிக் கிடந்தது. "இன்னும் வேகமாகச் செய்யுங்கள்" என்று ஆட்களை விரட்டுகிறவர் அந்த 6 மணி நேரத்தில்தான் கைவைக்கிறார். அதை 5 ஆக்கினாலும் வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

அந்த 90 மணி நேரம் எங்கே போகிறது? எல்லா இடத்திலும் சமமாகக் காத்திருப்பதில்லை. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் ஊற்றும்போது கழுத்தின் அளவுக்குத்தான் வரும். அந்தக் கழுத்து எந்த மேசை, எந்த மெஷின் என்று கண்டுபிடிக்க வேண்டும். முன்னால் குவியல், பின்னால் காலி என்பது பொதுவான அடையாளம். ஆனால் குவியலை மட்டும் நம்பக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்யும் வேலைக்கு முன்னாலும் குவியல் சேரும், அது கழுத்தாக இருக்க வேண்டியதில்லை. இந்த இடம் ஒரு மணி நேரம் நின்றால் அன்றைய டெலிவரி குறையுமா என்று ஒவ்வொரு இடத்தையும் கேளுங்கள். குறையாது என்றால் அது கழுத்து அல்ல. பல அச்சகங்களில் எல்லோர் கண்ணும் அச்சு மெஷின் மேல் இருக்கும், அதுதான் விலை அதிகம், சத்தமும் அதிகம். கழுத்து கட்டிங்கிலோ பைண்டிங்கிலோ இருக்கும்.

உங்களுக்குக் கட்டிங் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். இப்போது ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: வெட்டுகிறது, செட்டிங் (அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார்செய்வது), அளவு தெரியாமல் நிற்கிறது, ஆபரேட்டர் இல்லை, பழுது. வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 8 மணி நேரம். சராசரியாக அரை மணிக்கு ஒருமுறை மெஷினைத் திரும்பிப் பார்த்து, அந்த நொடியில் என்ன நிலையோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. வாரத்துக்கு 96 கோடு வரும். சரியாக மணி அடித்ததும் பார்க்காதீர்கள், ஐந்து பத்து நிமிடம் முன்பின்னாகப் பாருங்கள். இல்லாவிட்டால் எப்போதும் இடைவேளையிலேயோ எப்போதும் செட்டிங்கிலேயோ மாட்டிக்கொள்ளும். டிப்பெட் என்ற புள்ளியியலாளர் 1930-களில் பிரிட்டனின் நெசவாலைகளில் பயன்படுத்திய முறை இது. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஆபரேட்டர் பக்கத்தில் நின்றால் அன்று மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதனால்தான் இந்தச் சுற்றுவழி. கோடு போடுவது மெஷினுக்கு, ஆளுக்கு அல்ல என்பதை ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவரையே போடச் சொல்லுங்கள்.

ஒரு வார முடிவில் இப்படி வருகிறது என்று கொள்வோம். வெட்டுகிறது 44, செட்டிங் 20, அளவு தெரியாமல் 14, ஆபரேட்டர் இல்லை 12, பழுது 6. கோட்டுக்கு அரை மணி நேரம். அப்படியானால் வாரத்தில் 48 மணி நேரம் கிடைக்கும் மெஷின் 22 மணி நேரம்தான் வெட்டியிருக்கிறது. "கட்டிங் மெஷின் போதவில்லை, இன்னொன்று வாங்கலாம்" என்ற முடிவுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. புது மெஷினும் பழையதைப் போலவே பாதி நேரம் நிற்கும்.

ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். ஆபரேட்டர் இல்லாத 12 கோடு என்பது 6 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணி. மதிய இடைவேளை அரை மணி, சிறு இடைவேளை இரண்டு கால் மணி. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இன்னொருவருக்குக் கட்டிங் சொல்லிக்கொடுத்து, இடைவேளையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் செலவில்லாமல் திரும்பி வரும். ஆனால் கட்டிங் மெஷின் விரலைக் கேட்கும் மெஷின். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் வெட்டும் பொத்தான், கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரை இவற்றை எந்தச் சூழ்நிலையிலும் முடக்கக் கூடாது. மாற்று ஆள் குறைந்தது சில வாரம் பக்கத்தில் நின்று பழகிய பிறகே தனியாக நிற்க வேண்டும்.

அளவு தெரியாமல் நின்ற 14 கோடு, 7 மணி நேரம். இது கட்டிங்கின் குற்றமே அல்ல. ஜாப் கார்டில் அச்சளவு இருக்கிறது, வெட்டி முடித்த பிறகு வர வேண்டிய அளவு இல்லை. மடிப்பு எந்தப் பக்கம் என்று இல்லை. ஆபரேட்டர் ரூலரைக் கையில் பிடித்துக்கொண்டு டிசைனரைத் தேடிப் போகிறார், டிசைனர் வாடிக்கையாளருக்குப் போன் போடுகிறார், அவர் எடுக்கவில்லை. அடுக்கு அப்படியே நிற்கிறது. இதைச் சரிசெய்ய வேண்டிய இடம் வாசல். எல்லாம் கைக்கு வந்த ஜாப்பை மட்டுமே உள்ளே விடுவது என்று ஒரு சட்டம் போடுங்கள். எனக்குத் தெரிந்து இந்த ஒரு சட்டத்தைப் போல் பலன் தருவது வேறில்லை. ஜாப் கார்டின் மேலேயே ஏழு வரி அச்சடித்துக்கொள்ளலாம்:

புரூஃபில் வாடிக்கையாளர் கையெழுத்து
தாள் வகை, எடை, கையில் இருக்கிறதா
எண்ணிக்கையும் வீண்தாளுக்கான கூடுதலும்
முடித்த அளவு, மடிப்பு, பைண்டிங் முறை
லேமினேஷன் உண்டா, எந்தப் பக்கம்
அட்வான்ஸ் வந்ததா
டெலிவரி முகவரியும் வாங்கிக்கொள்பவர் பெயரும்

ஒன்று காலியாக இருந்தாலும் கார்டு உள்ளே போகக் கூடாது. பட்டியலை இருபது வரியாக நீட்டாதீர்கள். நீளமான பட்டியலை யாரும் படிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் மொத்தமாக டிக் அடித்துவிட்டுப் போவார்கள். அனுபவம் உள்ளவர்களுக்குப் பட்டியல் எதற்கு என்ற கேள்வி வரும். 1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள், கிளம்பும் முன் ஒரு பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் பழக்கம் பரவியது அதன் பிறகுதான். பட்டியல் மறதிக்குத்தான் மருந்து. தெரியாதவருக்கு அது பாடம் நடத்தாது.

செட்டிங் 20 கோடு, 10 மணி நேரம். இதைக் குறைக்க ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ காட்டிய வழியில் முதல் படி மட்டுமே இங்கே போதும். செட்டிங்கின்போது செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதி, மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்பவை ஒரு பக்கம், ஓடும்போதே செய்யக்கூடியவை மறுபக்கம் என்று பிரியுங்கள். அடுத்த அடுக்கைத் தட்டி ஒழுங்காக்குவது, ஷீட் எண்ணுவது, அளவை ஜாப் கார்டிலிருந்து எழுதிவைப்பது, சாணை பிடித்த மாற்றுக் கத்தியையும் ஸ்பேனரையும் எடுத்துவைப்பது இதெல்லாம் மெஷின் ஓடும்போதே செய்யலாம். ஒரே அளவுள்ள ஜாப்களை அடுத்தடுத்து வெட்டினால் இன்னும் மிச்சம், ஆனால் அதற்காக ஒரு ஜாப்பை மூன்று நாள் காக்கவைத்தால் நோக்கமே கெட்டுவிடும். இந்த முறையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் அளவு: டொயோட்டா கார் ஆலையில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 1000 டன் பிரஸ் ஒன்றின் டை (வடிவ அச்சு) மாற்ற 4 மணி நேரம் ஆனது, ஷிங்கோவின் குழு முதலில் ஒன்றரை மணிக்கும் பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தது. உங்களுக்கு 3 நிமிடம் தேவையில்லை. ஒரு ஜாப்புக்கு 20 நிமிடம் ஆவதை 13 ஆக்கினாலே பெரிய காரியம்.

இனி எவ்வளவு மீட்டால் போதும் என்று பார்க்கலாம். இப்போது வாரத்துக்கு 30 ஜாப்: வெட்ட 22 மணி, செட்டிங் 10 மணி, ஆக 32. நாளுக்கு 6, அதாவது வாரத்துக்கு 36 ஜாப் வேண்டுமானால் பழைய வேகத்திலேயே 38.4 மணி நேரம் தேவை. கூடுதலாக 6.4 மணி. இடைவேளைக்கு மாற்று ஆள் போட்டால் 6 மணி, அளவுக் குழப்பத்தில் பாதியைத் தீர்த்தால் 3.5 மணி, ஆக 9.5. செட்டிங்கைத் தொடுவதற்கு முன்பே வேண்டியது கிடைத்துவிட்டது. புது ஆள் இல்லை, புது மெஷின் இல்லை.

நாளுக்கு 5-லிருந்து 6 என்பது சின்ன மாற்றமாகத் தெரியலாம். அப்படியில்லை. வரிசைகளின் இயல்பு ஒன்று உண்டு: வேலை ஒழுங்கில்லாமல் வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கில்லாமல் இருந்தால், காத்திருக்கும் நேரம் சுமையோடு நேர்கோட்டில் ஏறாது, கடைசியில் செங்குத்தாக எகிறும். எளிய மாதிரிக் கணக்குப்படி, ஓர் இடத்தின் திறனில் பாதி அளவு வேலை வந்தால், ஒரு ஜாப் செய்ய ஆகும் நேரத்தைப் போல் 1 மடங்கு காத்திருக்க வேண்டும். 80 சதவீதம் வந்தால் 4 மடங்கு. 90-ல் 9 மடங்கு. 95-ல் 19 மடங்கு. நாளுக்கு 5 வந்து, முடிக்கும் திறனும் 5 என்றால் நீங்கள் 100 சதவீதத்தில் நிற்கிறீர்கள், அங்கே வரிசைக்கு மேல்வரம்பே கிடையாது. திறனை 6 ஆக்கினால் சுமை 83 சதவீதம். ஆட்கள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று நினைக்கிற முதலாளி, தானே தன் கையால் தாமதத்தை வாங்கிக்கொள்கிறார்.

இப்போது உள்ளே விடும் அளவுக்கு ஒரு கடிவாளம். சுவரில் ஒரு பலகை, அதில் 25 கொக்கி. ஒரு கொக்கிக்கு ஒரு ஜாப் கார்டு. டெலிவரி ஆனால்தான் கொக்கி காலியாகும், காலியானால்தான் அடுத்த கார்டு உள்ளே போகும். மீதி 35 கார்டு அலுவலகத்தில் ஒரு தட்டில் வரிசையாக இருக்கட்டும். நாளுக்கு 5 முடிகிறது என்பதால் புதிதாக எதையும் உள்ளே விடாமல் 7 நாள் இருந்தாலே வேலைத்தளத்தில் 60 என்பது 25 ஆகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தளத்திலிருந்து தட்டுக்கு மாற்றியதால் மட்டும் வாடிக்கையாளர் காத்திருப்பு குறையாது. லிட்டில் விதி தட்டில் இருப்பதையும் சேர்த்தே எண்ணும், மொத்தம் இன்னும் 60தான். கிடைக்கும் லாபம் வேறு: தட்டில் இருக்கும் வரை வரிசையை மாற்றலாம், வாடிக்கையாளர் திருத்தம் சொன்னால் தாள் வீணாகாது, பணம் மாட்டாது, தளத்தில் தேடும் வேலை ஒழியும். உண்மையான குறைவு வேகம் 6 ஆன பிறகுதான் வரும். நாளுக்கு 5 வந்து 6 போனால், கூடுதல் 35-ஐ வடிக்க 35 வேலை நாள், சுமார் 6 வாரம். இரண்டாவது வாரத்திலேயே "ஒன்றும் மாறவில்லையே" என்று பலகையைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு.

இந்த நாட்களில் அச்சு ஆபரேட்டரும் டிசைனரும் சில மணி நேரம் சும்மா நிற்பார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரியும். "சும்மா நிற்பதற்குப் பதில் அடுத்த ஜாப்பை அச்சடித்து வைக்கட்டுமே" என்று தோன்றும். வைத்தால் அது கட்டிங் முன்னால் போய்க் குவியும், வேறொன்றும் நடக்காது. அந்த நேரத்தில் அவர்கள் அடுக்குத் தட்டலாம், எண்ணலாம், பேக்கிங்கில் கைகொடுக்கலாம், கட்டிங் பழகலாம்.

அவசர ஜாப்புக்குச் சிவப்பு கார்டு, எந்த நேரத்திலும் ஒன்றே ஒன்று. இரண்டாவது அவசரம் வந்தால் முதலாவது போகும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாம் சிவப்பானால் எதுவும் அவசரமில்லை என்றாகிவிடும்.

தேதி சொல்வதையும் ஊகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசி 30 ஜாப்புக்கு ஆன நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். 26-வது எண் என்னவோ, அதைச் சொல்லுங்கள். நிலைமை அப்படியே இருந்தால் ஏறத்தாழ 85 சதவீதம் அந்தத் தேதிக்குள் போய்விடும். சராசரியைச் சொன்னால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பொய் சொன்னதாகும்.

அடுத்தது புகார்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஷீட்டின் பின்பக்கம் மை ஒட்டியிருக்கிறது. உடனே சொல்லப்படும் காரணம் "ஆபரேட்டர் கவனிக்கவில்லை". ஜப்பானியத் தறி கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் "ஐந்து முறை ஏன்" என்ற முறை இங்கே உதவும், ஆனால் அதை ஒற்றை நூலாகப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. ஏன் ஒட்டியது? மை காயும் முன் வெட்டினார்கள், அடுக்கைப் பிடிக்கும் கிளாம்ப் அழுத்தியபோது கீழ் ஷீட்டின் மை மேல் ஷீட்டின் முதுகில் ஏறிவிட்டது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஏன் காயவில்லை? அழுத்தமான பின்னணி நிறத்துக்கு மை கனமாக விட்டிருக்கிறார்கள், ஷீட்டுகள் ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர் போதவில்லை, அடுக்கு உயரமாக இருந்தது, காற்றில் ஈரம் அதிகம், அல்லது பிளேட்டை ஈரமாக்கும் தண்ணீர்க் கலவையின் அமிலம் கூடிவிட்டது. அமில வகைக் கலவைக்கு வழக்கமான பி.எச். (அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4.8 முதல் 5.5, அதற்குக் கீழே போனால் மை காய்வது தாமதமாகும். இதைக் காகிதப் பட்டையை நனைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மறுபக்கம், ஏன் காயும் முன் வெட்டினார்கள்? டெலிவரி அன்றைக்கே. ஏன் அன்றைக்கே? அச்சுக்கு முன் அந்த ஜாப் ஆறு நாள் புரூஃப் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஏன் கிடந்தது? கையெழுத்து வராமலே உள்ளே விட்டார்கள்.

புகாரும் தாமதமும் வேறுவேறு நோய் இல்லை என்பது இங்கே வெளிப்படுகிறது. 12 நாளில் 11 நாளைக் காத்திருந்தே தின்றுவிட்டு, மை காய வேண்டிய சில மணி நேரத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். "ஏன்" கேட்டுக்கொண்டே போய் ஓர் ஆளின் பெயரில் நின்றால் இன்னும் ஒருமுறை கேளுங்கள். நாளைக் காலையில் மாற்றக்கூடிய, மாற்றியதா என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றில் வந்து நிற்க வேண்டும். "கவனமாக இருக்கச் சொன்னோம்" என்பது அதில் சேராது. அடுக்கின் மேல் அச்சு முடிந்த நேரத்தையும் வெட்டலாம் என்ற நேரத்தையும் எழுதிய ஒரு சீட்டு வைப்பது சேரும். எவ்வளவு நேரம் என்பது மைக்கும் தாளுக்கும் ஏற்ப மாறும்; மை தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ளதை வைத்துத் தொடங்கி, ஓரத்தில் ஒரு ஷீட்டை விரலால் தேய்த்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

எல்லாப் புகாருக்கும் இப்படித் தோண்ட நேரமில்லை. ஒரு மாதப் புகாரை வகைபிரித்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வகையும் எத்தனை மணி நேரம் மறுவேலை வாங்கியது என்று கூட்டுங்கள். முதல் இரண்டை மட்டும் தோண்டுங்கள்.

ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் பதற வேண்டியதும் இல்லை. வாரத்துக்குச் சராசரியாக 9 தவறு நடக்கிறது என்றால், இந்த வாரம் 14 ஆனதும் கூட்டம் போட்டுத் திட்டுவது பலருடைய பழக்கம். அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-ல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் எளிய வடிவம்: சராசரியின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கிச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. 9-ன் வர்க்கமூலம் 3, மூன்று மடங்கு 9. ஆக 0 முதல் 18 வரை உங்கள் வேலைமுறையின் வழக்கமான ஆட்டம். 14-க்குத் தனிக் காரணம் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் பொய்யாக இருக்கும். அடுத்த வாரம் தானாக 8 ஆகும், திட்டியதால் குறைந்தது என்று நீங்கள் நம்புவீர்கள். 18-ஐத் தாண்டினால் அன்றே போய்ப் பாருங்கள், அன்று ஏதோ புதிதாக நடந்திருக்கிறது. 9 என்பதே அதிகம் என்று நினைத்தால் ஆளை அல்ல, முறையை மாற்ற வேண்டும்.

பணம். நீங்கள் கொடுத்த பணம் திரும்பிவர எத்தனை நாள் என்று கூட்டுங்கள். தாள் இருப்பு 20 நாள், தளத்திலும் தட்டிலும் 12 நாள், வாடிக்கையாளர் கடன் 45 நாள். மாதக் கடைசியில் மொத்தமாக பில் போடும் பழக்கம் இருந்தால் அதற்குச் சராசரியாக இன்னும் 15 நாள், பலர் எண்ண மறக்கும் நாள் இது. மொத்தம் 92. தாள் வியாபாரி உங்களுக்குத் தரும் கடன் 30 நாள் கழித்தால் 62. அத்தனை நாள் செலவையும் நீங்கள் கையிலிருந்து போட்டிருக்கிறீர்கள். வியாபாரம் 20 சதவீதம் வளர்ந்தால் இந்தத் தொகையும் 20 சதவீதம் வளரும். லாபம் தெரிந்தும் கை காலியாக இருப்பதன் மர்மம் பெரும்பாலும் இவ்வளவுதான். டெலிவரி ஆன அன்றே பில் போட்டால் 47. ஜாப் தங்கும் காலம் 12-லிருந்து 5 ஆனால் 40. ஆக 22 நாள் செலவுக்கு ஈடான பணம் வெளியே வரும். ஒரே ஒருமுறைதான் வரும், மாதாமாதம் அல்ல. அதை நம்பி நிரந்தரச் செலவு எதையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எந்த ஆர்டரை எடுப்பது என்பதற்கும் கழுத்துதான் அளவுகோல். ஒரு ஜாப்பில் தாள், பிளேட், மை போக 3000 மிஞ்சுகிறது, கட்டிங்கில் 3 மணி எடுக்கிறது. இன்னொன்றில் 2000 மிஞ்சுகிறது, கட்டிங்கில் 1 மணிதான். முதலாவது பெரிய ஆர்டர் என்று எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். கட்டிங் மணி ஒன்றுக்கு அது 1000தான் தருகிறது, இரண்டாவது 2000 தருகிறது. கட்டிங்கே தேவைப்படாத ஜாப் வந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், கட்டிங்கைத் தின்னும் ஜாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எதில் தொடங்குவது என்றால், திங்கட்கிழமை எண்ணிக்கை, அந்த வாரம் முழுக்க 96 கோடு, இரண்டாம் வாரம் ஏழு வரிச் சரிபார்ப்பும் இடைவேளை மாற்று ஆளுக்குப் பயிற்சித் தொடக்கமும், மூன்றாம் வாரம் கொக்கிப் பலகை. பில் போடும் தேதியை இன்றைக்கே மாற்றலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. தினமும் காலையில் பத்து நிமிடம் பலகை முன் நின்று எந்தக் கார்டு நேற்றிலிருந்து நகரவில்லை, எது தடுக்கிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். உட்கார நாற்காலி போட்டால் அது ஒரு மணி நேரமாகும்.

கட்டிங்கைச் சரிசெய்ததும் குவியல் வேறிடத்துக்கு நகரும், அனேகமாகப் பைண்டிங்குக்கு. தோல்வி என்று நினைக்க வேண்டாம், கழுத்து இடம் மாறியிருக்கிறது. கோடு போடும் தாளை அங்கே எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒரு வாரம் எண்ணி, நிற்கும் நேரத்தையெல்லாம் மீட்ட பிறகும், செட்டிங்கையும் சேர்த்து 85 சதவீதத்துக்கு மேல் அந்த இடம் வேலையிலேயே இருக்கிறது என்றால், அப்போது ஆள் எடுங்கள் அல்லது மெஷின் வாங்குங்கள். எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது அப்போது கையில் எண்ணாக இருக்கும்.